அந்தக் குரல் பதிவு பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நம் மிதியடியில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார்களாம், பருத்தி போலச் சாம்பலாகாமல், பிளாஸ்டிக் போல உருகி உருண்டையானதாம். அதைக்கூட விடுங்கள். பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுத்துணியை, அதாவது கட்டிங் வேஸ்டை, நூலாக்கித்தான் நம் மிதியடி தயாராகிறது. "திருப்பூர் கட்டிங் வேஸ்ட் என்பதே கதை, ஒரு கணக்கும் கிடையாது" என்று முடித்திருக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கணக்கு இருக்கிறது. பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வந்ததும் எடை போட்டு, எண் கொடுத்து, நோட்டில் ஏற்றுகிறோம். இழுபடும் லைக்ரா நூல் கலந்தது, பிரிண்ட் அடித்தது எல்லாம் தனியே போகும். அதற்கும் எடை உண்டு. நிறம் பிரித்த துணி குட்டை நாரையும் நூற்கும் ஓஈ (ஓப்பன் எண்ட்) மில்லில் முள் உருளையில் கிழிபட்டுப் பஞ்சாகி, நூலாகக் கோனில் திரும்பும். மாசியில் அனுப்பிய கருப்பு 400 கிலோ, நூலாக வந்தது 346. மீதி 54 கிலோ தூசும் குட்டை நாரும் என்று மில்லில் கொடுத்த சீட்டை அதே பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒருமுறை 9 கிலோ இடித்தது. நானும் வீட்டுக்காரம்மாவும் இரவு பதினொரு மணிவரை தேடினோம். மழையில் நனைந்த மூட்டையை அப்படியே எடை போட்டிருந்தோம்!

நிறம் பிரித்தே நூற்பதால் சாயம் போட வேண்டியதில்லை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்த சென்னிமலைக்காரன் நான். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நிலைமையும் தெரியும். இதில் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

கிழித்த பஞ்சில் நார் குட்டை, நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் சித்திரை முதல் கருப்பு, நீல நூலில் மட்டும் 20 சதவீதம் பாலியெஸ்டர் சேர்கிறது. கொளுத்தினால் உருகுவது அதுதான். அதைச் சொல்லாத பழைய லேபிளே கொஞ்ச நாள் ஒட்டப்பட்டுவிட்டது, மன்னியுங்கள், இப்போது மாற்றியாகிவிட்டது.

பதிவு வந்த அன்றே போன் செய்து "தைரியமா இருங்க தம்பி" என்ற ஈரோட்டு அக்காவையும், எதுவும் கேட்காமல் வழக்கம்போல் ஆர்டர் போட்ட உங்கள் எல்லோரையும் மறக்க மாட்டேன். லேபிளில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள், அந்த மூட்டையின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நேரில் வந்தால் நோட்டையே புரட்டிப் பார்க்கலாம்.

அப்புறம், கட்டிங் விலை ஏறியதால் ஆடி முதல் மிதியடிக்கு 15 ரூபாய் கூடும்.

அன்புடன்,
உங்கள் சென்னிமலை மிதியடிக் கடைக்காரர்