ஜன்னல் இல்லாத அறை: என் வீட்டுக்காரருக்கு ஒரு பதில்

என்னங்க,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வீட்டில், பத்துப் பேர் முன்னால், "கல்யாண நாளுக்கு 310 வெள்ளி அழுது ஜன்னல் இல்லாத அறையில் படுத்துக்கிடந்தோம்" என்று சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். கையில் மீன் குழம்புக் கிண்ணம் இருந்ததால் நானும் சிரித்து வைத்தேன். சபையில் சொன்னதற்குச் சபையில்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜன்னல் விஷயம். சிங்கப்பூர் சைனாடவுனில், கியோங் சைக் ரோட்டில் இருக்கும் அந்த ஹோட்டல், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், முன்னால் தெரு, பின்னால் சந்து. நடுவில் இருக்கும் அறைக்கு ஜன்னலை எங்கே வைப்பார்கள்? சைனாடவுன் வட்டாரத்தை 1989லேயே பாதுகாக்கப்பட்ட பகுதி ஆக்கிவிட்டார்கள். முகப்பில் கை வைக்கக் கூடாது, கூரையை மாற்றக் கூடாது. கடையும் குடும்பமும் இருந்த இடத்தில் அறைகளைத் திணித்தால் இப்படிக் கோணல்மாணலாகத்தான் வரும். அதில்தானே அதன் அழகே இருக்கிறது! சதுரமான அறை வேண்டுமென்றால் நம் நாலறை வீட்டிலேயே இருந்திருக்கலாமே.

அப்புறம், ஜன்னலே இல்லை என்பதும் பொய். முற்றத்தைப் பார்த்து ஒன்று இருந்தது. கொசு வரும் என்று நீங்கள் திறக்கவிடவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு மழை பிடித்தபோது நான் எழுந்து திறந்தேன். முற்றத்தில் மழை விழும் சத்தத்தைக் காரைக்குடியில் விட்டுவிட்டு வந்தவள் நான். உட்லண்ட்ஸில் நம் வீடு இருக்கும் பதினோராம் மாடியில் மழை கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்கு வராது. நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள், எழுப்ப மனம் வரவில்லை.

மற்றக் கிறுக்குத்தனங்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. தையல் மெஷின் காலின் மேல் கைகழுவும் தொட்டியைப் பதித்தவர், அதில் ஒரு நாளாவது முகம் கழுவிப் பார்த்திருக்க மாட்டார். மிதித்தால் தண்ணீர் வரும் என்று நீங்கள் பெடலை மிதித்துப் பார்த்ததை அக்காவிடம் சொல்லவில்லை, பார்த்தேன். படுக்கை பரண் மேல். அதற்கு ஏணி மாதிரி ஒரு படி. நிமிர்ந்தால் உத்தரம் தலையில் இடிக்கிறது. குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர். பதினைந்து வருஷக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், இருந்தும் நீங்கள் போர்வையை எடுத்துத் திரை கட்டிவிட்டுத்தான் குளிக்கப் போனீர்கள். அந்தப் போர்வை பாதியில் அவிழ்ந்து விழுந்தது. மேற்கொண்டு எழுதவில்லை, உங்கள் அக்காவும் இதைப் படிப்பார்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்டது ராத்திரி நடந்தது.

ஒன்பது மணிக்கு மேல் அஞ்சடியில், அதான் கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில், நடந்தோம். தெரு முக்கில், 1939ல் கட்டிய அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடத்தின் அடியில் நின்று, கீழே இருந்த காப்பிக்கடை எதிர்ப்பக்கம் போய்விட்டதைக் காட்டினீர்கள். ஒரு மதுக்கூட வாசலில் விலைப் பட்டியலைப் பார்த்து "ஒரு கிளாஸ் 26 வெள்ளியா!" என்று வாயைப் பிளந்தீர்கள். அப்படியே லயன் சித்தி விநாயகர் கோயில் வரைக்கும் போனோம். லயன் என்றால் சிங்கம் என்றுதான் நான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். சிங்கப்பூர் பிள்ளையார் இல்லையா! "அது லைன்ஸ். பொது மருத்துவமனைப் பக்கம் சிப்பாய்கள் இருந்த லைன்ஸ்" என்று சொன்னீர்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோடு கோயிலிலிருந்து முருகன் வெள்ளித் தேரில் இங்கே வந்து, பகலெல்லாம் அண்ணனோடு இருந்துவிட்டுச் சாயந்திரம் கிளம்புவார் என்றீர்கள். அப்படியென்றால் வருஷம் தவறாமல் உள்ளூரிலேயே போய்த் தங்கும் ஸ்டேகேஷன் போகிறவர் முருகன்தான், நமக்குத்தான் பதினைந்து வருஷம் ஆயிற்று என்றேன். கோயில் வாசலில் அப்படிப் பேசாதே என்று அதட்டினீர்கள்.

அங்கேதான் மாமாவின், உங்கள் அப்பாவின், கதை வந்தது. நீங்கள் எட்டு வயதுப் பையன். துறைமுக வேலை முடிந்து வந்த மாமா உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, தேர் திரும்புவதைப் பார்க்க வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் இந்தத் தெரு வேறு மாதிரி, சிவப்பு விளக்குத் தெரு. சில வீட்டு வாசல்களில் மட்டும் எண்கள் பெரிதாக, விளக்குப் போட்டு எரிந்துகொண்டிருக்கும். "அந்த வீட்டுக்கு மட்டும் ஏன்ப்பா நம்பர் இவ்வளவு பெருசு?" என்று நீங்கள் கேட்க, "தபால்காரருக்குக் கண்ணு தெரியணும்ல" என்று மாமா சொல்லிவிட்டு, கையால் உங்கள் கண்ணை மறைத்து, "தேரைப் பாரு, தேரை மட்டும் பாரு" என்றாராம். கண்ணை மறைத்தால் தேரை எப்படிப் பார்ப்பது?

மாமா இருந்தவரை இதை நீங்கள் சொன்னதே இல்லை. முக்கால் மணி நேரம் பேசினீர்கள். வீட்டில் நீங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசிக் கேட்டது, ஏர்கான் கட்டணம் ஏறியபோது ஒரு தடவை. "அப்பா கண்ணைப் பொத்திக் கூட்டிப்போன தெருவில் காசு கொடுத்துப் படுத்துக்கிடக்கிறேன், பார்" என்று சிரித்தீர்கள். ஒயின் விற்கிற ஒரு வாசலைத் தாண்டும்போது சட்டென்று என் கண்ணை உங்கள் கையால் மறைத்து, "தேரை மட்டும் பாரு" என்றீர்கள். தெருவில் என் கையைக்கூடப் பிடிக்காத மனிதர். அந்தக் கையை உடனே எடுக்கவும் இல்லை. புகை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தாத்தா நம்மைப் பார்த்துச் சிரித்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் விரல் இடுக்கில்தான் தெரிந்தது.

காலையில் காயா ரொட்டி சாப்பிட்டுவிட்டு மேக்ஸ்வெல்லில் ரயில் ஏறினோம். உட்லண்ட்ஸ் வரை ஒரே ரயில், நீங்கள் வழி முழுக்கத் தூங்கினீர்கள்.

அதே ஹோட்டலில், தைப்பூசத்துக்கு முதல் நாளுக்கு நேற்று அறை போட்டுவிட்டேன். இந்தத் தடவை முன்பக்கம், தெருவைப் பார்த்த ஜன்னல். தேர் அந்த வழியாகத்தான் போகும். பிள்ளைகளும் சாயந்திரம் தேரைப் பார்த்துவிட்டு அத்தையோடு போய்விடுவார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஜன்னலுக்கென்று 40 வெள்ளி கூடுதல். அக்காவிடம் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.