மலேரியா கையேட்டுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

சென்னை

மதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஊரார் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மலேரியா மருந்து கொடுக்கும் முறையைப் பற்றி, பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களுக்காக நாங்கள் தமிழில் எழுதிவந்த கையேடு அச்சுக்குச் சென்றுவிட்டது. அதற்கு உதவிய உங்களுக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

மீக்கோங் ஆற்றுப்படுகை நாடுகளில் மலேரியாவுக்கான முக்கிய மருந்தாகிய ஆர்ட்டிமிசினினுக்கு எளிதில் அடங்காத ஃபால்சிபாரம் என்னும் கடுமையான மலேரியாக் கிருமி பரவியபோது, லாவோஸின் சவன்னாகெட் மாகாணம் உள்ளிட்ட சில இடங்களின் சிற்றூர்களில், டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினின்–பிப்பராகுயின் கூட்டு மருந்து மாதத்துக்கு 3 நாள் வீதம் 3 மாதங்கள் கொடுக்கப்பட்டது. நுண்ணோக்கியில் தென்படாத அளவுக்குச் சொற்பமான கிருமியுடன் காய்ச்சலே இல்லாமல் நடமாடுபவரிடமிருந்தும் நோய் பரவக்கூடும் என்பதால், ஊரில் பெரும்பாலோர் விழுங்கினால்தான் பலன். நலமாக இருப்பவர் ஏன் மருந்து விழுங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஆய்வுக் கட்டுரைகளில் கிடைத்ததைவிட நல்ல விடை, திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்களே, உங்களிடம்தான் கிடைத்தது.

யானைக்கால் நோயை ஒழிக்க இதேபோல் ஊரார் எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்) மாத்திரையுடன் வீடு வீடாகச் சென்றவர்கள் நீங்கள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அது அலமாரியில்தான் கிடக்கும், கண்ணெதிரே விழுங்கும்வரை நிற்க வேண்டும் என்றீர்கள். வயல் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகே போக வேண்டும். இரத்தத்தில் உள்ள நுண்புழுக்கள் சாகும்போது சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டு அந்தத் தெருவே கதவைத் திறக்காது என்று நீங்கள் விளக்கியதை, உங்கள் சொற்களிலேயே முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறோம். மருந்தின் அளவும், கருத்தரித்த முதல் மூன்று மாதங்களில் இருப்போர் போன்று யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விவரமும் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன. அந்த வரிசையே சரியென்று உறுதியாக நம்புகிறோம்.

யானைக்கால் நோய் மாத்திரையைக் கருத்தடை மாத்திரையோ என்று அஞ்சி ஒருகாலத்தில் மறுத்ததையும், பிறகு மனம் மாறியதன் காரணத்தையும் மறைக்காமல் சொன்ன ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதும் வழக்கத்தை அந்தப் பேச்சு எங்களிடமிருந்து அகற்றியது. மலேரியா மருந்தின் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடலாம் என்பதையும், கொசுவலையும் உடனடி இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும் என்பதையும் மக்களிடம் ஒளிக்கக் கூடாது என்று வற்புறுத்தியவர்களும் அவர்களே.

கண்ணாடித் தகட்டில் கிருமியைக் காட்டிய ஆய்வக நுட்பநருக்கும், படங்கள் வரைந்த மாணவியருக்கும், மெய்ப்புத் திருத்திய தமிழாசிரியருக்கும் நன்றி.

அச்சான முதல் படிகள் செவிலியர்களுக்கே வரும். மறுப்பவரிடம் பேசுவது பற்றிய பக்கங்களை மட்டுமாவது படித்துத் திருத்தங்களைச் சொல்லுங்கள்; அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்