கார்த்திகைக் கிழங்கு வாங்கியவர்களுக்கும் வாங்க இருப்பவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மாரி முடிந்து தை பிறந்தால் எங்கள் நாற்றுமேடைக்கு வருகிறவர்கள் கார்த்திகைக்கொடியை, அதாவது செங்காந்தளைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "கார்த்திகைக்கொடி மஞ்சளாகிக் காயுது, தண்ணி காணாதோ?"

தயவுசெய்து ஊற்றாதீர்கள். செடி சாகவில்லை. கொடி காயும் முன்பே மண்ணுக்குள் புதுக் கிழங்கு திரண்டுவிடும். பழையது வற்றிப் போய்விடும். புதியது ஐப்பசி மழைவரை உறங்கும். அந்த நேரம் ஈரம் நின்றால் அழுகிவிடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் கோடையில் இறைக்கிற பாத்தியோரம் இதை நட வேண்டாம் என்று நாங்கள் மறிப்பது இதனால்தான்.

அளம்பில், செம்மலைப் பக்கத்து மணல் தறைக்காரர் சிலர் தங்கள் வளவில் பூமரமே வராது என்று மனம் விட்டுப்போகிறார்கள். இந்தக் கொடிக்கு அந்த மண் நல்ல மண். கடலுக்கு அப்பால் வேதாரணியத்திலும் மணற்பாங்கான நிலத்தில்தான் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கொல்கிசின் மூட்டுவீக்க மருந்தாகிறது. மணலில் தண்ணீர் தேங்காது என்பதே பெரிய வசதி. பசளை நிற்காது என்பதுதான் குறை. நன்றாக மக்கிய மாட்டெருவைக் குழியில் கலந்துவிட்டால் போதும்.

புரட்டாதிக் கடைசியில் நடுங்கள். கிழங்கு கலப்பைபோல் கவர்விட்டிருக்கும். முளை அந்தக் கவரின் நுனியில் மட்டுமே இருக்கிறது. நுனி உடைந்த துண்டு முளைக்காது, ஆகவே பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்குங்கள். நாலு விரற்கடை ஆழத்தில் படுக்கையாக வைத்து மண்ணை மூடுங்கள், மிதிக்காதீர்கள். பக்கத்தில் மெல்லிய குச்சிகளை ஊன்றுங்கள். இலை நுனிதான் சுருண்டு பிடித்து ஏறுகிறது, தடித்த கதியாலை அதனால் பிடிக்க முடியாது. கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையும் புள்ளியிட்ட மயிர்க்கொட்டி வந்தால் இரண்டொரு நாளில் இலையே மிஞ்சாது. கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், மருந்து அடிக்கத் தேவையில்லை.

இனிச் சொல்வதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்தச் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துத் தின்று இலங்கையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அவித்தாலும் நஞ்சு போகாது. தின்று சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அதுவரை காத்திராமல் உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மிச்சக் கிழங்கையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். மரக்கறிப் பாத்திக்குள்ளும், ஆடு மாடு எட்டுகிற வேலியிலும் நட வேண்டாம். தவழ்கிற குழந்தை இருக்கும் வீடென்றால் குழந்தை வளர்ந்த பிறகு வாங்குங்கள். அதுவரை நாங்களே விற்க மாட்டோம்.

காட்டில் கிண்டிய கிழங்கை நாங்கள் வாங்குவதில்லை, யார் கொண்டுவந்தாலும். விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று, நான்கு வருடம் செல்லும். எங்கள் விலை சற்றுக் கூட இருப்பதற்குக் காரணம் அந்தக் காத்திருப்புத்தான். முதலில் பச்சையாய் விரிந்து, மஞ்சளும் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும் அந்த ஆறு இதழ்ப் பூ எங்கள் பற்றைக்காடுகளிலும் தொடர்ந்து பூக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கிழங்கு எடுக்க வரும்போது கடதாசிப் பை கொண்டு வாருங்கள். பொலித்தீன் பைக்குள் வியர்த்து, வீடு போய்ச் சேரும் முன்பே முளை கெட்டுவிடும்.

அன்புடன்,
நாற்றுமேடைப் பொறுப்பாளர்,
முல்லைத்தீவு