நூலக வரி ஞாபகம் இருக்கிறதா, சரசு?

10 மார்ச் 2024, ஞாயிறு

அன்புள்ள சரசு,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீ அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். மூன்றாவதில் குரல் ஏறியிருந்தது. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. குனிந்து கோலம் போடாதே, கண்ணைக் கசக்காதே. உறையூர் ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நீ அதட்டி அதட்டிக் கீழாநெல்லி குடிக்க வைத்தாயே, அந்தக் கடனைத் தீர்க்கிறேன் என்று வைத்துக்கொள். பேத்தி போட்டோ பார்த்தேன். மூக்கு அப்படியே உன் அம்மா. இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பையன் வேலை மாறிவிட்டான். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

எழுதாததற்குக் காரணம், இங்கே இங்கிலாந்தில் எங்கள் ஊர் நூலகத்தை மூடப் பார்க்கிறார்கள். ஜனவரியிலிருந்து என் நேரமெல்லாம் அதிலேயே போகிறது. இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான், சுற்றி வளைக்க விரும்பவில்லை. உன்னிடம் ஒரு வேலையும் இருக்கிறது. முப்பது வருடம் லோக்கல் ஃபண்டு ஆடிட்டில் பஞ்சாயத்துக் கணக்குகளைக் குடைந்தவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

முதலில் இங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கீழே பாரிஷ், நம் கிராம ஊராட்சி மாதிரி. அதற்கு மேல் டிஸ்ட்ரிக்ட், அதற்கும் மேல் கவுன்டி. குப்பை அள்ளுவது டிஸ்ட்ரிக்ட், ரோட்டுப் பள்ளத்தை அடைப்பது கவுன்டி. முதியோர் பராமரிப்பு, ஆதரவற்ற பிள்ளைகள், பள்ளிக்கூட வண்டி, நூலகம் எல்லாம் கவுன்டி கையில். கவுன்சில் டாக்ஸ், அதாவது ஒவ்வொரு வீடும் கட்டும் உள்ளாட்சி வரி, அதன் பில் டிஸ்ட்ரிக்டிலிருந்து வரும், ஆனால் அதில் பெரிய பங்கு கவுன்டிக்குப் போகும். கவுன்டி அந்த வரியை வருடத்துக்கு 4.99 சதவீதம் வரைதான் ஏற்றலாம், 5-ஐத் தொட்டால் கவுன்டி முழுக்க வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. வரவும் செலவும் நேர் ஆகாவிட்டால் 1988-ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின் கீழ் நிதி அதிகாரியே நோட்டீஸ் கொடுத்துச் சட்டக் கடமை அல்லாத புதுச் செலவையெல்லாம் நிறுத்திவிடுவார். ஊரில் பேசும்போது இதைத்தான் கவுன்சில் திவாலாகிவிட்டது என்கிறார்கள்.

அப்படித் திவாலான கவுன்டி ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது, நார்தாம்ப்டன்ஷயர். 2018 பிப்ரவரியில் ஒரு நோட்டீஸ், அதே ஜூலையில் இன்னொன்று. வருடக்கணக்கில் வரியை ஏற்றாமல் குறைவாகவே வைத்துப் பெயர் வாங்கினார்கள். வேலைகளைப் பிரித்து வெளியே கொடுத்தால் மிச்சமாகும் என்று நம்பினார்கள். நடுவில் 5.3 கோடி பவுண்டில் புதுத் தலைமை அலுவலகம் ஒன்றையும் கட்டினார்கள். 2017-இல் குடிபோன அந்தக் கட்டடத்தை 2018-இலேயே 6.4 கோடிக்கு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தார்கள். நீ ஆடிட்டுக்குப் போயிருந்தால் எத்தனை பக்கம் எழுதியிருப்பாய்! அரசு அனுப்பிய ஆய்வாளர் மேக்ஸ் காலர், மற்றக் கவுன்டிகளைவிட இதற்கு மானியத்தில் தனியாக அநியாயம் நடந்ததாகச் சொல்ல முடியாது, இந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்று அறிக்கை கொடுத்தார். 2021 ஏப்ரல் 1-இல் கவுன்டி கவுன்சில் போய் அங்கே இரண்டு புதுக் கவுன்சில்கள் வந்தன.

நான் சொல்ல வந்தது அந்த நூலகங்களின் கதை. 36-இல் 21-ஐக் கைகழுவிவிடத் தீர்மானித்தார்கள். ஒரு சிறுமியின் சார்பில், அவள் பெயரை வெளியிடாமல், உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. 2018 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது, கவுன்சிலின் முடிவு செல்லாது என்று. முழுமையான, திறமையான நூலகச் சேவை தர வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்டியின் தலையில் வைத்திருக்கும் கடமை. அதைச் சரிவர எடைபோடாமல், மிச்சம் பிடிக்கும் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட்டார்கள் என்பது நீதிபதியின் கருத்து. ஜெயித்துவிட்டோம் என்று அங்கே எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் தீர்ப்பு பணத்தைக் கொண்டுவருமா? பிறகு பல நூலகங்கள் ஊர்த் தன்னார்வலர்கள் கைக்குத்தான் போயின.

எங்கள் கவுன்டி அந்த அளவுக்கு மோசமில்லை. இங்கே கட்டடம் கட்டி யாரும் கூத்தடிக்கவில்லை. ஆனாலும் அதே தன்னார்வலர் யோசனை எங்களுக்கும் வந்திருக்கிறது. கட்டடத்தைப் பாரிஷ் எடுத்துக்கொள்ளட்டும், முதல் வருடம் ஒரு மானியம் தருகிறோம், அடுத்த வருடம் பாதி, அதற்குப் பிறகு உங்கள் பாடு என்கிறார்கள். நூலகர் வேலை போய்விடும்.

அந்த நூலகரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். வாரத்தில் மூன்று நாள்தான் நூலகம். வியாழக்கிழமை காலையில் பாட்டு வகுப்பு, தவழ்கிற குழந்தைகள் அம்மாக்களோடு வரும். அது முடிந்ததும் ரேடியேட்டர் ஓரமாக ஒரு பெரியவர் வந்து உட்காருவார், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். வீட்டில் ஹீட்டர் போடக் கட்டுப்படியாகவில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். போன மாதம் ஒரு பெண், கையில் பால்பாட்டிலோடு, கம்ப்யூட்டர் முன்னால் நெடுநேரம் அசையாமல் நின்றாள். நூலகர் போய் என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, "நீங்கள் சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன்" என்றாள். அது லீவு நாட்களில் பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற கூப்பனுக்கான விண்ணப்பம். அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ஒருகையாலேயே அடித்தாள்.

அந்தக் கூப்பன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் என்று 2021 அக்டோபரில் தொடங்கிய மானியம். மத்திய அரசு கவுன்டிக்குக் கொடுக்கும், கவுன்டி குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இந்த மார்ச் 31-ஓடு நின்றுவிடும் என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தோம். போன புதன்கிழமை பட்ஜெட்டில் இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். ஆறே ஆறு மாதம், சரசு! செப்டம்பரில் முடியும், அக்டோபரில் குளிர் ஆரம்பிக்கும். இந்த மாதிரித் தவணைப் பணத்தை நம்பி எந்தக் கவுன்டி ஒரு ஆளை நிரந்தரமாக வேலைக்கு வைக்கும்? பணம் வரப்போகிறதா என்பதே கடைசி மாதம்தான் தெரிகிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. கவுன்டிப் பணத்தில் பெரும்பகுதி முதியோர் பராமரிப்புக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் போகிறது. அங்கே கை வைத்து நூலகத்துக்குக் கொடுங்கள் என்று சொல்ல என் வாய் வராது. இருபது வருடம் இங்கே ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள் நான். உடம்பு தேறிவிட்டது, ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடாகவில்லை என்பதற்காக வாரக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தவர்களுக்கு நான் சோறு ஊட்டியிருக்கிறேன். ஒரு பாட்டி தினமும் காலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஆள் அனுப்ப வேண்டிய பணமும், நூலகர் சம்பளமும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. தகுதி உள்ளவர் கவனிப்பு கேட்டு வந்தால் சட்டப்படி திருப்பி அனுப்ப முடியாது. நூலகத்துக்கும் சட்டம் இருக்கிறது, ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கட்டடம் என்று அதில் இல்லை. அதனால் பட்ஜெட் போடும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நூலகம் தேய்கிறது.

இதை யோசித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் நம் ஊர் ரசீது ஞாபகம் வந்தது. அப்பாவின் பத்திரக்கட்டோடு இங்கே கொண்டுவந்திருந்தேன். எழுந்து போய்த் தேடி எடுத்தேன். பஞ்சாயத்து வீட்டு வரி ரசீது, ஓரமெல்லாம் செல்லரித்து, நீல மை வெளுத்துப் போய். வீட்டு வரிக்கு ஒரு வரிசை, அதற்குக் கீழேயே நூலக வரிக்குத் தனியாக ஒரு வரிசை. எத்தனை தடவை பார்த்திருப்போம், ஒருநாளாவது அதை நினைத்துப் பார்த்தோமா? 1948-இலேயே சென்னையில் நூலகச் சட்டம் வந்துவிட்டது. இப்போதும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்கு. அதற்குப் பாடுபட்ட சீர்காழி ரங்கநாதன் எங்கே கற்றுக்கொண்டு வந்தார் என்று பார்த்தேன். கணக்கு வாத்தியாராக இருந்து பல்கலைக்கழக நூலகரானவர், 1924-இல் லண்டனுக்கு வந்திருக்கிறார். க்ராய்டன் நூலகத் தலைவர் சேயர்ஸிடம் பாடம் கேட்டிருக்கிறார். இந்த நாட்டில் கவுன்டிகளே நூலகம் நடத்தலாம் என்று சட்டம் வந்தது 1919-இல். அதாவது அந்தச் சட்டத்துக்கு ஐந்து வயதாக இருக்கும்போது நம்மவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு முன்பு, 1850-இலிருந்து, இங்கேயும் நகரங்களில் நூலகத்துக்கென்று தனி வரி இருந்தது, பவுண்டுக்கு அரைப் பென்னி, பிறகு ஒரு பென்னி. இவர்கள் விட்டுவிட்ட தனி வரியை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். அந்த க்ராய்டன் 2020-இலும் 2022-இலும் 114 நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்று படித்தபோது மனசு கனத்துப்போனது.

அந்த ரசீதை எடுத்துக்கொண்டு கவுன்டி அமைச்சரவைக் கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்களுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். எழுதி வைத்திருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு ரசீதை உயர்த்திக் காட்டினேன். "இது என் அப்பா கட்டியது. எங்கள் கிராமத்தில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாத காலத்திலும் ஒவ்வொரு வீடும் இதைக் கட்டியது" என்றேன். ஒரு உறுப்பினர், வயதானவர், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "கட்ட மாட்டோம் என்று யாரும் சண்டைக்கு வரவில்லையா?" வீட்டு வரியோடு சேர்ந்தே வரும், பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை என்றேன். ரசீதை வாங்கிப் பார்த்தார். கை மாறி மாறி அது மேசையைச் சுற்றி வந்தது. கிழிந்துவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை.

முடிவை ஏப்ரல் கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு மாற்றுத் திட்டம் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். திட்டம் என்னிடம் இருக்கிறது. கவுன்டிக்கு இருக்கும் உச்சவரம்பு பாரிஷுக்குக் கிடையாது. அதனால் பாரிஷ் தன் வரியில் கொஞ்சம் ஏற்றி, அந்தப் பணத்தைக் கவுன்டியிடமே கொடுத்து, அதே நூலகரை அதே வேலையில் வைத்திருக்கச் சொல்லலாம். தன்னார்வலர்களைக் குறை சொல்லவில்லை, நானே சனிக்கிழமைதோறும் புத்தகம் அடுக்குகிறவள்தான். ஆனால் அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை நான் அடித்திருக்க முடியாது. எந்தப் பெட்டியில் எதை எழுதினால் நிராகரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நூலகருக்குத் தெரியும்.

இப்போது உன் வேலை. இதோடு ஏழு பக்கம் வைத்திருக்கிறேன். நான்கு கவுன்டி பட்ஜெட்டிலிருந்து, மூன்று என் கணக்கு. முதலில் கையிருப்பு நிதிப் பட்டியலைப் பார். கணக்கின் வயிறு அடிக்குறிப்பில் இருக்கிறது என்று நீதான் சொல்வாய். ஒதுக்கிவைத்த நிதி என்று இவர்கள் காட்டுவதில் எது உண்மையிலேயே கட்டுப்பட்டது, எது நினைத்தால் எடுக்கக்கூடியது என்று பென்சிலில் குறித்துக் கொடு.

இரண்டாவதுதான் முக்கியம். நூலக வரியை மக்களிடம் வசூலித்துவிட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் பொது நிதியிலேயே போட்டுச் செலவழித்த ஒரு நகராட்சியைப் பற்றி, அந்த மழை நாளில், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொன்னாயே. எத்தனை வருடம் தணிக்கையில் ஆட்சேபம் எழுதியும் பாக்கி ஏறிக்கொண்டே போனது என்று அழாத குறையாகச் சொன்னாய். தனி வரி இருந்தும் பணம் நூலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் பாரிஷ் கொடுக்கும் பணத்துக்கும் அந்த கதி வந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் என்ன வாசகம் வேண்டும்? தனித் தலைப்பு போதுமா, தனி வங்கிக் கணக்கு கேட்கட்டுமா? காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டச் சொன்னால் நடக்குமா? நீ அன்று அந்த நகராட்சியை எந்த இடத்தில் பிடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறதோ, அதை எனக்கு எழுது.

கண் ஆறும்வரை நீயே படிக்க வேண்டாம். மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேள். எண்களை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல். 25-ஆம் தேதிக்குள் பதில் வந்தால் பாரிஷ் கூட்டத்தில் வைத்துவிடுவேன். ரசீது பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரலுக்கு மறுபடியும் வேண்டும்.

உன்,
கலா