என் ரிங் மாடுலேட்டரைச் சரிசெய்து தந்தவர்களுக்கு

திருநகர், மதுரை.

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு நான் கட்டத் தொடங்கிய கிடார் பெடல் (காலால் மிதித்து கிடாரின் ஓசையை மாற்றும் சிறு பெட்டி), ஆடி பிறக்கும் வரையில் ஓலமிட்டுக்கொண்டே கிடந்ததையும், இப்போது ஒழுங்காக வேலை செய்வதையும் எங்கள் தெருவே அறியும். அதைச் சரிசெய்தது நான் என்று சிலர் பாராட்டுவதால்தான் இம்மடலை எழுத நேர்ந்தது.

ரிங் மாடுலேட்டர் என்பது கிடாரின் அதிர்வையும், பெடலுக்குள் ஓயாமல் ஒரே சுரத்தை எழுப்பும் ஆசிலேட்டரின் அதிர்வையும் ஒன்றோடொன்று பெருக்கித் தரும் சுற்று. கிடாரின் ஐந்தாம் கம்பியை 110 ஹெர்ட்ஸில் மீட்டி, ஆசிலேட்டரை 300 ஹெர்ட்ஸில் வைத்தால், கூட்டலாக 410, கழித்தலாக 190 என இரண்டு சுரங்கள் வெளிவர வேண்டும். மூலச் சுரங்கள் இரண்டும் உள்ளேயே அடங்கிவிட வேண்டும். என் பெடலிலோ கிடாரைத் தொடாமல் இருக்கும்போதுகூட 300 ஹெர்ட்ஸ் மட்டும் விடாமல் ஒலித்தது. கிடாரை மீட்டினால் அதன்மேல் கரகரப்புச் சேர்ந்தது.

முதல் நன்றி என் அத்தைக்கு. நாற்பது ஆண்டுகளாக வயலின் சொல்லிக்கொடுக்கும் அவர் அடுப்படியிலிருந்தே, "ஏன்டா, சுருதிப் பெட்டியை அணைக்காம விட்டுட்டியா?" என்று கேட்டார். ஆசிலேட்டரே கெட்டுவிட்டது என்று நம்பி அதன் ஐ.சி.யை மூன்று முறை மாற்றியிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது: இத்தனை சுத்தமாகச் சுருதி பிடிக்கும் ஆசிலேட்டரில் என்ன குறை இருக்க முடியும்? அது வெளியே கசிவதுதான் குறை.

அத்தை சொல்லி, தொலைபேசித் துறையில் கேரியர் அறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவரிடம் பெடலை எடுத்துச் சென்றேன். ஒரே கம்பித் தடத்தில் பல உரையாடல்களை வெவ்வேறு அலைவரிசைக்கு உயர்த்தி அனுப்ப, அந்தக் காலத்துக் கேரியர் கருவிகளில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் நான்கைக் கோத்த இதே வளையம்தான் பயன்பட்டது என்பதும், கிடாருக்கு இது பிற்பாடு வந்த வேலை என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூடியைத் திறந்து பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். "தம்பி, டையோடு நாலும் ஒண்ணோட வாலை ஒண்ணு பிடிச்சுக்கிட்டுச் சுத்தி வரணும். நீங்க அடாப்டர் பிரிட்ஜ் கட்டி வச்சிருக்கீங்க." ஏ.சி.யை டி.சி.யாக்க சார்ஜர்களில் டையோடுகளைக் கட்டும் முறைதான் அந்த பிரிட்ஜ்; சார்ஜர்களைப் பழுது பார்த்த கைப்பழக்கம் என்னைக் கவிழ்த்திருந்தது. கும்மியடிக்கும் பெண்கள் ஒரே திசையில் சுற்றுவதுபோல நான்கும் வளையத்தில் ஒரே திசையை நோக்க வேண்டும்.

மாற்றிக் கட்டியதும் உலோக மணி போன்ற ஓசை முதன்முறையாகக் கேட்டது. கசிவு மட்டும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பெரியவர் பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிச் சேர்த்த ஓ.ஏ.79 ஜெர்மானியம் டையோடுகள் 23ஐ ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்து, அவற்றுள் ஒத்த நான்கைப் பொறுக்கச் சொன்னார். சிலிக்கான் டையோடு திறக்க 0.6 வோல்ட் அளவு வேண்டும். இவற்றுக்கு அதில் பாதிகூட வேண்டாம் என்பதால் என் எளிய ஆசிலேட்டருக்கு இவையே ஏற்றவை. மல்டிமீட்டரில் வைத்து அளந்தபோது எண்கள் நிலைகொள்ளாமல் இறங்கிக்கொண்டே போயின. மீட்டரைக் குறை சொல்ல வாயெடுத்தேன். அவர் என் விரல்களைக் காட்டினார். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ட் குறையும் பொருளை நான் வியர்த்த கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இடுக்கியால் எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் காத்திருந்து அளந்தேன். இரண்டு மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் நான்கு அகப்பட்டன. சால்டர் வைக்கும்போது டையோடின் காலை மூக்குக் குறடால் பிடித்துச் சூட்டை இழுத்துக்கொள்ளவும் அவரே கற்றுக்கொடுத்தார்.

மிச்சக் கசிவுக்கு வளையத்தோடு இணைந்த டிரான்ஸ்ஃபார்மரே காரணம். நான் வாங்கியதில், சுருளைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டிய சென்டர் டேப் என்னும் இணைப்பு பெயருக்குத்தான் நடுவில் இருந்தது. பழங்காநத்தத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன், பம்புசெட் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே ஓட்டமாகச் சுற்றித் தந்தார். இரண்டும் ஒன்றாகவே ஓடுவதால் இரு பாதிகளும் சுற்றுக்குச் சுற்று சமம். நடுவில் சேர வேண்டிய இரு முனைகளுக்கிடையே 100 ஓம் ட்ரிம்பாட்டை (திருகி அளவு மாற்றும் சிறு மின்தடை) பொருத்தித் திருகியபோது, அந்த 300 ஹெர்ட்ஸ் தேய்ந்து தேய்ந்து, ஆம்ப்பின் இரைச்சலுக்குள் மறைந்தது. அண்ணன் கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஒத்திகையில் ஆம்ப்பில் எழுந்த ஹம் என்னும் ரீங்காரத்தைக் கேட்டு நான் எர்த்தைத் தேடிக்கொண்டிருக்க, அவர் பெடலைக் காலால் மெல்லத் திருப்பினார், ஹம் பாதியாயிற்று. ஆம்ப்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புலத்தை என் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெட்டிக்குள் 90 டிகிரி திருப்பிப் பொருத்தியிருக்கிறேன்.

பெரியவர் ஐயா, மீதமுள்ள 19 டையோடுகளையும் அதே தீப்பெட்டியில், ஒவ்வொன்றின் அளவையும் எழுதிய துண்டுச்சீட்டோடு ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டு வருகிறேன். பெடலும் ஆம்ப்பும் உடன் வரும். அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
திருநகர்க் கிடார்க்காரன்