விதை யார் பெயரில் வழங்கப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு குடும்பத்துக்குச் சான்று விதை, அதாவது ஆய்வு செய்து தரச் சான்று அளிக்கப்பட்ட விதை, போய்ச் சேர்ந்துவிட்டால், அக்குடும்பத்தில் பயிர் செய்யும் எல்லோருக்கும் அது கிடைத்துவிட்டதாகவே விதை வழங்கல் திட்டங்கள் கணக்கு வைக்கின்றன. ஆனால் சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில், குறிப்பாக ஆப்பிரிக்க நாடுகளில், கணவனும் மனைவியும் தனித்தனித் துண்டு நிலங்களில் தனித்தனிப் பயிர்களை வைக்கிறார்கள். மானிய விதைக்கான பட்டியல் நில உரிமை ஆவணத்தைப் பார்த்துத் தயாரிக்கப்படும் இடங்களில், கணவர் அல்லது மாமனார் பெயரில் உள்ள நிலத்தில் உழைக்கும் பெண் அப்பட்டியலில் இடம்பெறுவதேயில்லை. விதைக் கடனுக்கும் அதே ஆவணம்தான் கேட்கப்படுகிறது.

ஒரே அளவுள்ள பண்ணைகளில் பெண்கள் நடத்துபவற்றின் விளைதிறன் ஆண்கள் நடத்துபவற்றைவிட 24 சதவீதம் குறைவு என்று ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2023ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. இதைப் பெண்களின் திறமைக் குறைவாகப் படிப்பவர்களும் உண்டு; நிலம், இடுபொருள், கடன், ஆலோசனை ஆகியவை சமமாகக் கிடைக்காததன் விளைவு என்று படிப்பதே சரி.

பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் விதையை எடுத்துவைத்து மறுமுறை விதைத்தால் விளைச்சல் குறையும். ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டியிருப்பதால் நிறுவனங்களுக்கு அதில் லாபம் உண்டு. பயறு வகைகளில் ஒருமுறை வாங்கிய விதையைப் பல பருவங்களுக்குச் சேமித்து விதைக்கலாம். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு வேண்டிய விதை அதிகம், அது பெருகும் வீதமோ குறைவு. மரவள்ளிக் குச்சியும் சர்க்கரைவள்ளிக் கொடியும் அளவில் பெரியவை, விரைவில் வாடிவிடுபவை, நோயையும் உடன் கொண்டுசெல்பவை. பல நாடுகளில் பெண்கள் அதிகம் கவனித்துக்கொள்ளும் பயிர்கள் இவையாக இருக்க, விதைத் தொழில் ஒதுக்கிவைத்திருப்பதும் இவற்றையே. ஆகவே இங்கே சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று காத்திருப்பதில் பொருளில்லை; பொது ஆராய்ச்சி நிலையங்கள் ஆதார விதையை, அதாவது சான்று விதை உற்பத்திக்கு மூலமான விதையை, தொடர்ந்து பெருக்கித் தந்தாக வேண்டும்.

ரகத்தைத் தேர்வு செய்யும் இடத்திலும் பெண்கள் இருக்க வேண்டும். மகசூலோடு வேகும் நேரம், உரிக்கும் எளிமை, சேமிப்பில் வண்டு விழாமை ஆகியவற்றையும் அவர்கள் பார்க்கிறார்கள். ருவாண்டாவில் அவரை வகைகளைத் தேர்ந்தெடுக்க அனுபவமுள்ள பெண் விவசாயிகள் ஆய்வு நிலைய வயல்களுக்கு அழைக்கப்பட்டபோது, அவர்கள் தேர்ந்தவை முன்பு பயிரிட்டுவந்த பல ரக அவரைக் கலவைகளைவிடப் பெரும்பாலும் கூடுதலாக விளைந்தன.

இன்னொன்றையும் சட்டமியற்றுவோர் கவனிக்க வேண்டும். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹைட்டியிலும் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு, சிறு விவசாயிகளின் விதையில் ஏறத்தாழ 90 சதவீதம் சேமிப்பு, பரிமாற்றம், உள்ளூர்ச் சந்தை போன்ற முறைசாரா வழிகளில் வருவதாகக் கண்டது. பதிவு பெறாத விதையை விற்கக் கூடாது என்று ஒரேயடியாகத் தடை விதித்தால், முறைசார்ந்த வழி ஏற்கெனவே எட்டாத பெண்களே முதலில் பாதிக்கப்படுவார்கள். இதற்கு நடுவழி இல்லாமலில்லை. ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1993இல் வகுத்து 2006இல் திருத்திய தர அறிவிப்பு விதை முறையில், உற்பத்தி செய்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கிறார். அரசு ஒரு பகுதி வயல்களை மட்டும் ஆய்வு செய்கிறது. பெண்கள் குழுக்கள் விதை உற்பத்தியாளர்களாக மாற முழுச் சான்று முறையைவிட இதுவே எளிது.

விதைக்கான உரிமையை 2018ஆம் ஆண்டின் ஐ.நா. விவசாயிகள் உரிமைப் பிரகடனம் ஏற்றுள்ளது. நடைமுறையில் வேண்டியவை சிறியவை: நில உரிமையாளர் என்பதற்குப் பதிலாகப் பயிரிடுபவர் என்ற அடிப்படையில் பதிவு, சிறு துண்டு நிலத்துக்கேற்ற சிறு பொட்டலங்கள், பெண்கள் வரக்கூடிய நேரத்திலும் இடத்திலும் வழங்கல். மானிய விதை எத்தனை டன் வழங்கப்பட்டது என்ற அறிவிப்பை அடுத்த முறை வெளியிடும்போது, அதைத் தம் பெயரிலேயே பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்று அதிகாரிகளிடம் கேட்டு அந்த எண்ணையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்