96-ம் எண் டிராமும் அப்பாவின் தட்டுகளும்

அன்புள்ள கண்ணு,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அப்பா பக்கத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் நீட்டியிருந்தார். அதனால்தான் "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். இப்போது பிரஷர் மாத்திரை வாங்க உறையூர் பக்கம் போயிருக்கிறார். வழியில் பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது, அதனால் சாயங்காலத்துக்கு முன் வர மாட்டார். நிதானமாக எழுதலாம்.

உன் பையன், நம் தம்பி, எந்நேரமும் டிராம், டிராம் என்றே இருக்கிறான், விளையாட வா என்றாலும் வருவதில்லை, பிறந்தநாள் விருந்துக்குக் கூட்டிப்போனால் வாசலில் நின்று வண்டி எண் பார்க்கிறான் என்று சொன்னாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இவனும் அப்பா மாதிரியே ஆயிடுவானாம்மா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியில் பழைய கோபமும் கொஞ்சம் இருந்தது. எனக்குத் தெரியாதா என்ன.

தம்பி என்னிடமும் டிராம்தான் பேசுகிறான். 96 செயின்ட் கில்டா கடற்கரைக்குப் போகும், 109 பாக்ஸ் ஹில்லுக்குப் போகும், உலகத்திலேயே பெரிய டிராம் தடம் உங்கள் மெல்போர்னில்தான், சுமார் 250 கிலோமீட்டர் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நிறுத்திவிட்டார்கள் என்று தாத்தா சொன்னதும் "ஏன் நிறுத்தினாங்க? யார் நிறுத்தினாங்க?" என்று அவன் போட்ட சத்தம் இருக்கிறதே! கம்பெனி நஷ்டத்தில் போய் மூடிவிட்டார்கள் என்று தாத்தா எவ்வளவு சொல்லியும் அவனுக்குச் சமாதானம் ஆகவில்லை.

அப்பா கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. நீ பிறப்பதற்கு முன்னாலும், நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் நடந்ததை நீ பார்க்கவில்லை.

கல்யாணமான புதிதில் அப்பாவின் இந்த இசைத்தட்டுப் பைத்தியம் எனக்கும் பிடித்தமாகத்தான் இருந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து வந்து, குளித்து, காபி குடித்துவிட்டு, "இங்கே வந்து உட்கார்" என்பார். கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். நாய்ப் படம் போட்ட தகர டப்பாவிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்து மாட்டுவார். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசிதான். பழைய ஊசியையே ஓட்டினால் தட்டின் வரி தேய்ந்துவிடும். பத்து அங்குலத் தட்டு மூன்று நிமிஷம் பாடும், அவ்வளவுதான். நாடகத்தில் பாடி நடித்த செங்கோட்டை கிட்டப்பா 27 வயதில், 1933-ல் செத்துப்போனவர். அந்தக் குரலை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது உண்மை. இந்தத் தட்டெல்லாம் அரக்கில் செய்தது, மரத்துப் பூச்சி கக்குகிற அரக்கு என்று அப்பா சொன்னார். கல்கத்தாவில் 1902-ல் தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான் என்ற பாடகி, பாட்டு முடிந்ததும் தன் பெயரை இங்கிலீஷில் சொல்லுவாராம். தட்டு அச்சாகிறது ஜெர்மனியில், அங்கே இருப்பவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா, அதற்காக. இதையெல்லாம் அவர் சொல்லும்போது எனக்குச் சினிமாவுக்குப் போகாத குறையே தெரியவில்லை.

அப்புறம் ரயில்வே பாஸ் இருந்ததே, அதுதான் வினை. ஊரெல்லாம் பாஸை வைத்துக்கொண்டு திருப்பதி, காசி என்று போனார்கள். நாம் போனதெல்லாம் பழைய சாமான் விற்கிற சென்னை மூர் மார்க்கெட்டுக்கு. 1985-ல் அது எரிந்துபோன செய்தி வந்தபோது அப்பா ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. அதோடு விட்டுவிடுவார் என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். எங்கே? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார். செட்டிநாட்டு வீடுகளைப் பாகம் பிரிக்கும்போது மரத்தூண், பீங்கான் எல்லாம் அந்தத் தெருக் கடைகளுக்குத்தான் வரும், கூடவே தட்டுகளும்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போனஸ் வந்ததும் வாங்கலாம் என்று அவரே சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. போனஸ் வந்த வாரம் ஆட்டோவில் இரண்டு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. நீ ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாய். அந்த வருஷம்தான் நான் டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன், அந்தப் பணத்தை அரிசி டிரம்முக்குள் வைத்தேன். நீ இன்னும் அதை மறக்கவில்லை என்பது உன் குரலில் தெரிகிறது. மறக்க வேண்டாம். நானும் மறக்கவில்லை.

ஆனால் எனக்குப் பயம் வந்தது பணத்தினால் இல்லை. நீ ஹாஸ்டலுக்குப் போன சமயத்தில் வீட்டில் ஒன்று மாறிப்போனது. தட்டு வரும், வந்தால் துடைப்பார், எண் பார்ப்பார், நீள நோட்டில் எழுதுவார், அட்டைப்பெட்டியில் செருகிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார். போட்டுக் கேட்பதே இல்லை! "இது என்ன பாட்டு?" என்று கேட்டால், "கொலம்பியா கம்பெனித் தட்டு, நல்ல கண்டிஷன்" என்பார். "இங்கே வந்து உட்கார்" என்று கூப்பிடுவது நின்றுபோனது. வேறொரு ஊரில் இதே மாதிரி சேர்க்கிறவர் ஒருவரிடம் இவரிடம் இல்லாதது என்ன இருக்கிறது என்பதே பேச்சு. வீட்டில் இரண்டு பேர்தான், ஆனால் நான் கேட்டது ரேடியோ.

அந்த நாட்களில்தான் மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தாத்தா நாடக கம்பெனியில் பாடியவர். ஒரு நாடகத்தைப் பல தட்டுகளில் பதிந்த செட்டில் அவர் குரல் ஒரே ஒரு தட்டில் இருக்கிறது, அது அப்பாவிடம் இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்திருந்தார். அப்பா தேடி எடுத்துப் போட்டார். அந்த மனிதர் கூடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைக் காட்டினேன், கவனிக்கவே இல்லை. முடிந்ததும் இன்னொரு தடவை என்றார். அப்புறம், என்ன விலை சொன்னாலும் தருகிறேன் என்றார். அப்பா தர மாட்டேன் என்றுவிட்டார். டேப்பில் பதிந்து தருகிறேன் என்றார். வந்தவர் முகம் சுருங்கிப்போனது, காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ராத்திரி கேட்டேன். "கொடுத்தால் பரணில் போட்டுவிடுவார்" என்றார் உன் அப்பா, கட்டிலுக்கு அடியில் முழு நாடகக் கொட்டகையையே அடைத்து வைத்துக்கொண்டு! அவர் செய்தது தப்பு என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

இதில் அப்பா மட்டும் தனி ரகம் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிப் படித்திருப்பாய். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் கடை வைத்திருந்தவர். வீடு நிறையப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்தார். 1992-ல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கெல்லாம் அது புதையல். அப்பா அவரைத் தெய்வம் மாதிரி சொல்லுவார். எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் ஒட்டடை அடித்தது யார்? அதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை.

கணக்கு மேதை ராமானுஜன் கதையைப் படிக்கும்போதும் என் மனசு அவர் மனைவி ஜானகி அம்மாள் பக்கமே போகும். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைத் தொடாததால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது, எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தேறவே இல்லை. 1909-ல் கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று அவருடைய அம்மா நினைத்திருக்க வேண்டும். பெண்ணுக்குப் பத்து வயது. 1914-ல் அவர் கேம்பிரிட்ஜ் போனார், 1919-ல் உடம்பெல்லாம் உருகித் திரும்பினார், அடுத்த வருஷம் 32 வயதில் போய்விட்டார். கடைசி நாள் வரை படுக்கையில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகப் பெட்டியில் கிடைத்ததை உலகமே கொண்டாடியது. ஜானகி அம்மாள் தையல் கற்றுக்கொண்டு திருவல்லிக்கேணியில் பிழைத்து 1994 வரை இருந்தார். கணவருக்குப் பின் 74 வருஷம்! அந்தக் கணக்கில் ஒரு வரிகூட அவருக்குப் புரிந்திருக்காது, அது அவர் குற்றம் இல்லை. ராமானுஜனைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கணக்குக்குள் ஜானகி போக ஒரு வழியும் இல்லாமல்போனதே என்றுதான் இருக்கும். ராமானுஜனுக்குக் கணக்கைப் பேச ஆள் கிடைத்ததே கடல் தாண்டித்தான்.

நம் வீட்டில் வழி திறந்தது தண்ணீரால். கோரையாறு உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்த வருஷம் உனக்குப் பரீட்சை, அதனால் முழுசாகச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். அரக்குக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, தட்டுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் உறையெல்லாம் கூழ். நடுவில் ஒட்டியிருந்த லேபிள்கள் உரிந்து மிதந்தன. நீள நோட்டிலும் மை கரைந்துவிட்டது. தட்டில் லேபிளை ஒட்டி எண் பொறித்திருக்கும், எந்த எண் யார் பாட்டு என்று சொல்லத்தான் நோட்டு இல்லை. எல்லாரும் கௌஹர் ஜான் மாதிரி பேரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவு வசதி!

வேறு வழியே இல்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. அவருக்கு நாடகக்காரர்கள் குரல் அத்துப்படி, ஆனால் சங்கீதக்காரர்களில் தடுமாறுவார். பெண் குரல் என்றால் சுத்தமாகத் தெரியாது. "இங்கே வந்து உட்கார், இது கே.பி. சுந்தராம்பாளா வேறு யாருமா பார்" என்று கூப்பிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். சில தட்டுகளுக்கு நானும் அவரும் இன்றைக்கும் வேறு வேறு பெயர் சொல்லிச் சண்டை போடுகிறோம்.

அப்போதிருந்து கழுவுகிற வேலை என்னுடையது, அவருக்குக் கை நடுங்குகிறதே. அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டுச் சோப்பு. லேபிள் மிச்சமிருந்தால் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வரி போகிற திசையிலேயே பஞ்சால் வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. மழைக்காலப் பூஞ்சணம் வெள்ளையாகக் கரைந்து வரும். ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி, தட்டு ஸ்டாண்டில் சாப்பாட்டுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பேன். போன லீவுக்கு வந்தபோது தம்பி முழுசாக ஒன்று கழுவினான், நீ அப்போது தூங்கிக்கொண்டிருந்தாய்.

அதனால் கண்ணு, அவன் எவ்வளவு நேரம் டிராமைப் பார்க்கிறான் என்று கணக்கு வைக்காதே. யாரையாவது கூப்பிட்டுக் காட்டுகிறானா என்று பார். என்னைக் கூப்பிடுகிறான், தாத்தாவைக் கூப்பிடுகிறான். நீ சமைக்கிற நேரம் பார்த்து உன்னையும் கூப்பிடுகிறான் என்றுதானே சலித்துக்கொண்டாய்? ஒருநாள் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்களை மட்டும் எழுத ஆரம்பித்தால் அப்போது எனக்குப் போன் பண்ணு, நேரம் காலம் பார்க்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை நிபுணரிடம் காட்டலாம் என்று சொன்னார்களாமே, கூட்டிப்போ. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை தயங்கினால் நான் சொன்னேன் என்று சொல். ஆனால் டிராம் எண் பார்க்க நிற்கிறவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நிற்கட்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. இந்த வீட்டில் அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உன் பாட்டி உட்பட.

டிசம்பரில் வரும்போது தாத்தா அவனை இங்கே ரயில்வே மியூசியத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சின் பொன்மலையில்தான் செய்தார்கள் என்ற கதையும் தயாராக இருக்கிறது. டிராமிலிருந்து ரயிலுக்குத் தாவினால் என்மேல் பழி போடாதே.

இன்னொன்று. எலெக்ட்ரிக் பிளேயருக்கு ஊசி தேய்ந்துவிட்டது. எல்.பி. என்கிற பிற்காலத்துத் தட்டுக்குப் போடுகிற ஊசி இதற்குச் சரிப்படாது, மெலிசாக இருக்கும். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுக்கென்றே, ஊசி முனை 3 மில் அளவு என்று கேட்க வேண்டும். மாடல் எண்ணை அப்பா கையால் எழுதிய சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். கை நடுக்கத்தில் 7 போல் இருப்பது 1, பார்த்துக்கொள். இரண்டாக வாங்கு. பணம் நான் தருகிறேன், அவரிடம் கேட்காதே.

அன்புடன்,
அம்மா